மலைத் தரவுக்கான ஆன்டாலஜி மென்பொருள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் அவ்வப்போது கூடும் எங்கள் சிறு குழுவில் பள்ளி ஆசிரியர்கள், நூலகர்கள், சோலைக் காடுகளில் தாவரக் கணக்கெடுப்புக்குச் செல்பவர்கள், சிறு தேயிலை விவசாயிகள் எனப் பலதரப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒரு எக்செல் தாள் இருக்கிறது. ஒருவரிடம் மரப் பட்டியல், இன்னொருவரிடம் ஊர்ப் பெயர்கள், வேறொருவரிடம் மருந்துச் செடிகளின் குறிப்புகள். இவற்றை இணைத்து ஒரே இடத்தில் கேள்வி கேட்க முடியுமா என்ற ஆவலில் எழுந்த கேள்விகளும், அவற்றுக்கு நான் சொல்லிவந்த பதில்களும் இங்கே உள்ளன. கணினித் துறையைச் சேராதவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

ஆன்டாலஜி என்றால் என்ன? எக்செல் தாளே போதாதா?

ஒரு துறையில் என்னென்ன பொருள்கள் உண்டு, அவை எந்தெந்த வகையைச் சேர்ந்தவை, ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பதைக் கணினி புரிந்துகொள்ளும் வகையில் எழுதிவைத்த விவரிப்புக்குத்தான் ஆன்டாலஜி என்று பெயர். தாளை ஒருவரே எழுதி அவரே படிப்பதாயிருந்தால் எக்செல் தாராளமாகப் போதும். இரண்டு பேருடைய தாள்களைச் சேர்க்கும் நாளில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நம் நீலகிரி மாவட்டத்தில் யூகலிப்டஸைக் கற்பூர மரம் என்கிறோம். சமவெளியிலிருந்து வந்த தாவரவியல் மாணவருக்கோ கற்பூர மரம் என்றால் கற்பூரம் எடுக்கப்படும் சின்னமோமம் கேம்ஃபோரா. அதைப் போலவே இங்கே சீகை மரம் என்றால் வெளிநாட்டிலிருந்து வந்து புல்வெளிகளை விழுங்கிய வாட்டில் மரம். கீழே இறங்கிவிட்டால் சீகை என்பது தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய்க் கொடி. இரண்டு தாள்களையும் பெயரை வைத்துச் சேர்த்தால், களையாக அகற்ற வேண்டிய மரமும் காக்க வேண்டிய கொடியும் ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும். பொருள் வேறு, அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் வேறு என்று பிரித்துக்கொள்வதே இந்த வேலையின் முதல் படி. எந்த மென்பொருளும் அதை நமக்காகச் செய்து தருவதில்லை.

செமான்டிக் வெப், ஆர்.டி.எஃப் என்பவை இதில் எங்கே வருகின்றன?

பொருள்களுக்கு இணைய முகவரி போன்ற நிலையான அடையாளம் கொடுத்து, அவற்றைப் பற்றிய செய்திகளைச் சிறு சிறு கூற்றுகளாக எழுதி, உலகில் எங்கிருந்தாலும் இணைக்கலாம் என்பது செமான்டிக் வெப் என்னும் பொருளுணர் வலையின் கருத்து. டிம் பெர்னர்ஸ்-லீயும் அவருடைய உடனாசிரியர்கள் இருவரும் 2001-ல் எழுதிய கட்டுரை இக்கருத்தைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. அதற்கு அடிப்படையான ஆர்.டி.எஃப் முறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999-லேயே பரிந்துரையாக வெளியிட்டிருந்தது. இன்று பெரும்பாலான மென்பொருள்கள் பின்பற்றுவது 2014-ல் வந்த 1.1 பதிப்பை.

ஒவ்வொரு கூற்றுக்கும் மூன்று உறுப்புகள் உண்டு: எதைப் பற்றி, என்ன உறவு, என்ன மதிப்பு. அதனால் அதை மும்மை என்கிறோம். ‘குறிஞ்சிச் செடி, பூக்கும் இடைவெளி, 12 ஆண்டு’ என்பது ஒரு மும்மை. இப்போது ‘குறிஞ்சி’ என்ற சொல்லையே சற்று நெருங்கிப் பாருங்கள். அது ஒரு செடி. ஸ்ட்ரோபிலாந்தெஸ் குந்தியானா என்ற ஒரே இனத்தை மட்டுமின்றி, அதன் உறவுச் செடிகள் பலவற்றையும் மக்கள் அப்பெயரால் அழைக்கிறார்கள். அதுவே மலையும் மலைசார்ந்த இடமுமான திணை. அதுவே ஒரு பண். கொடைக்கானலுக்குப் போனால் குறிஞ்சி ஆண்டவர் கோயிலும் இருக்கிறது. தமிழ் படித்த யாருக்கும் இந்த வேறுபாடு இயல்பாகத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆகவே நான்குக்கும் நான்கு அடையாளங்கள் கொடுத்து, ‘குறிஞ்சி’ என்பதை நான்கிலும் ஒரு பெயராக மட்டும் எழுதுகிறோம்.

முதலில் எந்த மென்பொருளை நிறுவ வேண்டும்? புரோடெஜேயா?

பலரும் ஆன்டாலஜி எழுதும் மென்பொருளான புரோடெஜேயில் தொடங்கி, இரண்டு வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். நான் ஓப்பன்ரிஃபைனில் தொடங்கச் சொல்வேன். இது 2010-ல் ஃப்ரீபேஸ் கிரிட்வொர்க்ஸ் என்ற பெயரில் தோன்றி, சிலகாலம் கூகுள் ரிஃபைனாக இருந்து, 2012 முதல் ஓப்பன்ரிஃபைன் என்ற பெயரில் தன்னார்வலர்களின் கைக்கு வந்த இலவச மென்பொருள். பிரவுசரில் திறந்தாலும் உங்கள் கணினிக்குள்ளேயே இயங்கும்; தரவு வெளியே போகாது. ஒரு நெடுவரிசையில் என்னென்ன மதிப்புகள் எத்தனை முறை வருகின்றன என்று அது உடனே பட்டியலிட்டுக் காட்டும். அந்தப் பட்டியலைப் பார்த்தாலே தாளின் பாதி நோய்கள் தெரிந்துவிடும்.

என் சொந்தத் தாளில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் நெடுவரிசையில் ‘கோத்தகிரி’ இரண்டு தனி வரிகளாக வந்தது. இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். இடைவெளி ஏதும் ஒட்டியிருக்கவில்லை. கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோட் எண்களை எடுத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது: ஒன்றில் ‘கோ’வின் உயிர்க்குறி ஒரே குறியீடாக இருந்தது, மற்றொன்றில் இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாக இருந்தது. திரையில் வேறுபாடே தெரியாது. கணினிக்கோ அவை இரண்டு ஊர்கள். கொடைக்கானலுக்கும் இதே நிலைமை ஏற்படலாம், ஏனென்றால் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றையும் இப்படி இரு வகையில் எழுத இயலும். ஔகாரத்தில் இன்னொரு வினையும் உண்டு. பலர் ‘ஔ’ என்ற எழுத்துக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுகிறார்கள்.

முதல் வகைப் பிழையை என்.எஃப்.சி என்ற யூனிகோட் சீராக்கம் தீர்த்துவிடும். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரே வரியில் முடிகிற வேலை. ‘ஒள’ பிழையைச் சீராக்கம் தொடாது, கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தாள் என்றால், எல்லாவற்றுக்கும் முன்னதாக யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ்த் தரவைத் தொடுகிற எவரும் வேறெதைக் கற்பதற்கும் முன்பு இதைக் கற்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. அடியில் எழுத்தே பிசகியிருந்தால் மேலே எவ்வளவு நேர்த்தியான ஆன்டாலஜியைக் கட்டினாலும் தேடலில் பதில் குறையும். குறைந்தது என்பதே நமக்குத் தெரியாது.

அப்படியானால் புரோடெஜே எதற்கு?

வகுப்புகளையும் பண்புகளையும் வரையறுப்பதற்கு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1980-களில் மார்க் மியூசன் தொடங்கிய இந்த மென்பொருள்தான் இன்றும் ஆன்டாலஜி எழுதுபவர்களில் பெரும்பாலோர் முதலில் திறப்பது. இலவசம். இடப்பக்கம் வகுப்புகளின் மரவரிசை, வலப்பக்கம் ஒவ்வொன்றின் விவரம் என்று அமைந்திருக்கும். உயிரினம், தாவரம், மரம், கொடி, வாழிடம், ஊர், கோயில் என்று நமக்குத் தேவையான வகுப்புகளை இதில் எழுதி, ‘வளரும் இடம்’, ‘பூக்கும் இடைவெளி’ போன்ற பண்புகளை வரையறுத்து, ஆவுல் என்று உச்சரிக்கப்படும் ஓ.டபிள்யூ.எல் மொழியில் சேமிக்கலாம். அம்மொழியின் இப்போதைய பதிப்பான ஆவுல் 2, 2009-ல் வெளியானது.

இதன் உண்மையான வலிமை உள்ளே இருக்கும் ரீசனர்தான். ஹெர்மிட் என்ற ரீசனர் புரோடெஜேயுடனேயே வரும். நாம் எழுதியவற்றிலிருந்து நாம் எழுதாத முடிவுகளை வருவித்துத் தருவது அதன் பணி. அது எப்படி நினைக்கிறது என்று தெரியாமல் பயன்படுத்தினால் திகைப்பே மிஞ்சும். ‘பூக்கும் இடைவெளி’ என்ற பண்பு தாவரத்துக்கு உரியது என்று அறிவித்திருந்தேன். ஒருநாள் வரி மாறி, அந்தப் பண்பைக் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு எழுதிவிட்டேன். ரீசனர் பிழை என்று சொல்லும் என எதிர்பார்த்தேன். அதுவோ எந்த எதிர்ப்பும் இன்றிக் கோயிலையும் தாவர வகுப்பில் சேர்த்துவிட்டது. ஏனெனில் ‘இந்தப் பண்பு தாவரத்துக்கு உரியது’ என்ற அறிவிப்பு ஆவுலில் தடையன்று; ‘இந்தப் பண்பு உடையது எதுவோ அது தாவரம்’ என்று முடிவு செய்துகொள்ள அளிக்கும் அனுமதி. தாவரமும் கோயிலும் ஒன்றையொன்று விலக்கும் வகுப்புகள் என்று நான் எங்கும் எழுதவில்லை. எழுதிய பிறகு அதே ரீசனர் முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியது. அன்றிலிருந்து மேல்மட்ட வகுப்புகளை உருவாக்கிய உடனேயே, எவை ஒன்றாக இருக்க முடியாது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

தாவரப் பட்டியலில் பாதிக்குமேல் வளரும் இடம் காலியாக இருக்கிறது. ரீசனர் ஏன் அதைச் சுட்டிக்காட்டவில்லை?

சொல்லப்படாதது எல்லாம் பொய் என்று ஆவுல் கொள்வதில்லை. இன்னும் தெரியவரவில்லை என்றே கொள்கிறது. காட்டைப் பற்றிய அறிவுக்கு இது பொருத்தமான மனப்பான்மைதான். முக்குருத்தியில் ஒரு செடியை நாம் பார்க்கவில்லை என்பதால் அது அங்கே இல்லை என்றாகிவிடாது அல்லவா?

ஆனால் படிவம் முழுமையாக நிரப்பப்பட்டதா என்று சரிபார்க்க அந்த மனப்பான்மை உதவாது. அதற்கென்றே 2017-ல் ஷாக்கிள் என்ற தரநிலை வந்தது. ‘ஒவ்வொரு தாவரப் பதிவுக்கும் ஒரு அறிவியல் பெயராவது இருக்க வேண்டும், கடல்மட்ட உயரம் எண்ணாக இருக்க வேண்டும், அது 2,637 மீட்டரைத் தாண்டக் கூடாது’ என்று விதிகளை எழுதிவைத்தால், எந்தப் பதிவு எந்த விதியை மீறுகிறது என்ற அறிக்கை கிடைக்கும். அந்த எண் தொட்டபெட்டாவின் உயரம். நம் மாவட்டத்தில் அதற்கு மேல் எந்தச் செடியும் முளைக்க வழியில்லை. பைஷாக்கிள் என்ற பைத்தான் நூலகம் இந்தச் சோதனைக்குப் போதும். ரீசனரையும் ஷாக்கிளையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று என்று எண்ண வேண்டாம். இரண்டின் வேலையும் வேறு.

எங்களிடம் இருப்பது வெறும் பெயர்ப் பட்டியல். அதற்கும் ஆவுல் வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலான மலைத் தரவுக்கு ஸ்கோஸ் என்ற எளிய முறையே பொருத்தம் என்பது என் கருத்து. நூலகங்களின் பொருட்தலைப்புப் பட்டியல்களையும் சொற்களஞ்சியங்களையும் எழுதுவதற்காக 2009-ல் வந்த தரநிலை இது. ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு முதன்மைப் பெயர், எத்தனை வேண்டுமானாலும் மாற்றுப் பெயர்கள், மேல்நிலைக் கருத்து, கீழ்நிலைக் கருத்து, தொடர்புடைய கருத்து. அவ்வளவுதான். உதகமண்டலத்தை முதன்மைப் பெயராக வைத்து, ஊட்டி, உதகை இரண்டையும் மாற்றுப் பெயர்களாக எழுதினால், யார் எப்பெயரில் தேடினாலும் ஒரே ஊர் கிடைக்கும்.

நீலகிரிக்கு ஸ்கோஸ் ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்றால், ஒரு மொழிக்கு ஒரு முதன்மைப் பெயர் என்பது அதன் விதி. அதாவது ஒரே மரத்துக்குத் தமிழில் ஒன்று, படகர் மொழியில் ஒன்று, தோடர் மொழியில் ஒன்று, கோத்தர் மொழியில் ஒன்று, இருளர் மொழியில் ஒன்று என்று எல்லாப் பெயர்களும் சமமான தகுதியுடன் இடம்பெறலாம். எதுவும் ‘வட்டார வழக்கு’ என்ற ஓரத்துக்குத் தள்ளப்பட வேண்டியதில்லை. இந்த மொழிகள் ஒவ்வொன்றுக்கும் பன்னாட்டுத் தரநிலையில் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறது: படகர் மொழிக்கு பி.எஃப்.கியூ, தோடர் மொழிக்கு டி.சி.எக்ஸ், கோத்தர் மொழிக்கு கே.எஃப்.இ, இருளர் மொழிக்கு ஐ.ஆர்.யூ. அந்தப் பெயர்களை நாம் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறோம் என்றாலும் மொழிக் குறியீட்டைத் தமிழ் என்று போட்டுவிடாதீர்கள். மொழிக் குறியீட்டை அடுத்து எழுத்துமுறைக் குறியீட்டையும் சேர்த்து, ‘படகர் மொழி, தமிழ் எழுத்து’ என்று தெளிவாகப் பதிய வழி இருக்கிறது.

ஊர்ப் பெயர்களுக்கும் இது கைகொடுக்கும். தோடர் குடியிருப்பு மந்து, படகர் ஊர் ஹட்டி, கோத்தர் ஊர் கோக்கால். ‘கிராமம்’ என்ற ஒற்றைச் சொல்லில் மூன்றையும் அடைத்துவிடாமல், குடியிருப்பு என்ற மேல்நிலைக் கருத்தின்கீழ் மூன்றையும் தனித்தனியே வையுங்கள்.

ஸ்கோஸ் பட்டியலைப் பலர் சேர்ந்து திருத்துவதற்கு வோக்பென்ச், வாசகர்களுக்குக் காட்டுவதற்கு ஃபின்லாந்து தேசிய நூலகம் உருவாக்கிய ஸ்காஸ்மாஸ் என இரண்டு மென்பொருள்கள் உள்ளன. சிறு குழுவுக்கு இவை உடனடித் தேவையில்லை.

சர்வர் வாங்க வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 தாவரங்கள், ஒவ்வொன்றுக்கும் 10 செய்திகள் என்றால் 4,000 மும்மைகள். மும்மைகளை எழுதும் டர்ட்டில் வடிவத்தில் ஒரே ஒரு உரைக்கோப்பு. சாதாரண மடிக்கணினியில் பைத்தானின் ஆர்.டி.எஃப்.லிப் நூலகம் இதைச் சிரமமின்றிக் கையாளும். தரவு லட்சக்கணக்கில் வளர்ந்து, பலர் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கும் நிலை வந்தால் அப்பாச்சி ஜீனாவின் ஃபுசேகி சர்வரைப் பார்க்கலாம். ஜீனா 2000-த்தில் பிரிஸ்டல் நகரத்து ஹெச்.பி ஆய்வகத்தில் தோன்றிய மென்பொருள். 2012-ல் அப்பாச்சி அறக்கட்டளையின் முழுநிலைத் திட்டமானது. ஃபுசேகியையும் முதலில் சொந்தக் கணினியிலேயே இயக்கிப் பழகலாம். கிராஃப்டிபி, விர்ச்சுவோசோ போன்றவையும் நல்லவையே. ஆனால் நம் அளவுக்கு அவை பெரிய சட்டை.

ஸ்பார்க்கிள் கடினமா?

ஸ்பார்க்கிள் என்பது மும்மைகளிடம் கேள்வி கேட்பதற்கான மொழி. வழக்கமான தரவுத்தளங்களின் கேள்வி மொழியான எஸ்.க்யூ.எல் தெரிந்தவருக்கு ஒரு வாரம், தெரியாதவருக்கு ஒரு மாதம். விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளத்தின் கேள்விப் பக்கத்தில் பழகுவதே சிறந்த வழி. எதையும் நிறுவ வேண்டாம். ‘நீலகிரி மாவட்டத்துக்குள் அமைந்தவற்றில் தமிழ்ப் பெயர் எழுதப்படாதவை எவை?’ என்பதை முதல் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘நிர்வாகப் பகுதி’ என்ற உறவின் எண் பி131. அதையும், ‘இல்லாதவை’ என்று வடிகட்டும் ஒரு வரியையும் கற்றாலே விடை வந்துவிடும். ஒரு கேள்விக்கு அங்கே 60 விநாடிதான் கெடு, ஆகையால் உலகம் முழுவதையும் கேட்காமல் மாவட்டத்தோடு நில்லுங்கள். வரும் பட்டியலில் நீங்கள் நன்கறிந்த ஊர்களும் இருந்தால், அங்கேயே தமிழ்ப் பெயரைச் சேர்த்துவிட்டு வாருங்கள்.

விக்கித்தரவோடு இணைக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

ஓப்பன்ரிஃபைனில் ஒரு நெடுவரிசையை விக்கித்தரவோடு பொருத்திப் பார்க்கும் வசதி உள்ளது. தாவரங்களையும் விலங்குகளையும் அறிவியல் பெயரைக் கொண்டு பொருத்துங்கள். ஊர்ப் பெயர்களைக் கண்ணால் சரிபார்த்த பின்னரே ஏற்றுக்கொள்ளுங்கள். நீலகிரி என்று எழுதினால் மலைத்தொடரும் வரும், மாவட்டமும் வரும், மக்களவைத் தொகுதியும் வரும்.

அறிவியல் பெயரும் மாறாத ஒன்றன்று. நம் மாநில விலங்கான வரையாட்டை 2005 வரை ஹெமிட்ராகஸ் பேரினத்தில் வைத்திருந்தார்கள். பிறகு நீல்கிரிட்ராகஸ் என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார்கள். சீகைக்காய்க் கொடியும் அகேசியாவிலிருந்து செனெகலியாவுக்குப் போய்விட்டது. எனவே பழைய பெயரை அழிக்காமல், அதையும் ஒரு பெயராக, எந்த ஆண்டுத் தாளில் எப்படி எழுதப்பட்டிருந்தது என்ற குறிப்போடு வைத்திருங்கள். பொருளின் அடையாளம் மாறாமல் பெயர்கள் மட்டும் வந்துபோகட்டும். கணக்கெடுப்புத் தரவை உலக உயிர்ப்பன்மைத் தளமான ஜி.பி.ஐ.எஃப்-க்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், நெடுவரிசைப் பெயர்களை டார்வின் கோர் என்ற தரநிலையின்படி தொடக்கத்திலேயே அமைத்துக்கொள்வது பின்னால் பெரும் உழைப்பை மிச்சப்படுத்தும்.

‘இதுவும் அதுவும் ஒன்றே’ என்ற ஆவுல் உறவை மிகுந்த தயக்கத்துடன் பயன்படுத்துங்கள். அதை எழுதிய கணத்தில் ஒன்றின் செய்திகள் அனைத்தும் மற்றதற்கும் உரியவை ஆகிவிடும். ஸ்கோஸில் ‘ஏறத்தாழ ஒன்று’ என்ற மென்மையான உறவு இருக்கிறது. நமக்குப் பெரும்பாலும் அதுவே நேர்மையானது.

பொருள்களின் முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா?

தரநிலை அனுமதிக்கிறது. ஆனாலும் நான் வைப்பதில்லை. சில கருவிகள் தமிழ் எழுத்துகளைச் சதவீதக் குறிகளாக மாற்றி நீட்டிவிடும். மேலே சொன்ன ‘கோ’ சிக்கல் முகவரிக்குள்ளும் புகுந்துவிடும். பெயர் திருத்தப்பட்டால் முகவரியும் மாற வேண்டிவரும். பொருளற்ற ஒரு தொடர் எண்ணை முகவரியாகக் கொடுத்து, தமிழ்ப் பெயரைப் பெயருக்குரிய இடத்தில் எழுதுங்கள். சொந்த இணையதளத்தின் பெயரில் முகவரி வைத்தால், அதற்கான ஆண்டுச் சந்தா கட்டத் தவறும் ஆண்டில் எல்லா இணைப்புகளும் அறுந்துவிடும். டபிள்யூ3ஐடி என்ற நிலைமுகவரிச் சேவை இலவசமாகக் கிடைக்கிறது.

மழைக்காலத்தில் நெட் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடுமா?

நிற்காது. ஓப்பன்ரிஃபைன், புரோடெஜே, ஃபுசேகி, ஆர்.டி.எஃப்.லிப் எல்லாமே இணையமின்றி இயங்கும். விக்கித்தரவோடு பொருத்தும் பணிக்கு மட்டும் இணைப்பு வேண்டும். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஜூலை மாதத்தில், புரோடெஜேயில் அடிக்கடி சேமித்துக்கொள்ளுங்கள்.

சேகரித்தவை அனைத்தையும் திறந்த தரவாக வெளியிடலாமா?

கூடாது. இதில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை. விக்கித்தரவில் இடுவது எந்தக் கட்டுப்பாடும் அற்ற பொதுச் சொத்தாகிவிடும். பிறகு மனம் மாறினாலும் திரும்பப் பெற முடியாது. ஓர் இருளர் மூதாட்டி தம் பேரப்பிள்ளைக்குச் சொல்வதுபோல நம்மிடம் சொன்ன மருந்துக் குறிப்பு நம்முடைய தரவு அன்று. எதை எழுதலாம், யாருக்குக் காட்டலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கும் அவருடைய சமூகத்துக்கும் உரியது. பல்லுயிர்ப் பன்முகச் சட்டம், 2002-ன்கீழ் உள்ளாட்சி அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்கின்றன. உங்கள் பகுதிக் குழுவிடம் முதலில் பேசுங்கள். அரிய ஆர்க்கிட்கள், காட்டிலிருந்து திருடப்படும் செடிகள் ஆகியவற்றின் துல்லியமான இடக்குறிப்பையும் வெளியிடாமல், தாலுகா அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

செயல்முறையில் இதை நான் இரண்டு கோப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறேன். முதல் கோப்பில் பெயர்கள், வகைகள், விக்கித்தரவு இணைப்புகள். அது வெளியே போகும். இரண்டாவதில் யார் சொன்னது, எந்த ஊரில், என்ன பயன், துல்லியமான இடம். அது ஒரு பென் டிரைவில், சொன்னவர்களின் ஊரில் அவர்கள் காட்டியவரிடமும் ஒரு நகலாக இருக்கும். இரண்டும் ஒரே அடையாள எண்களைப் பயன்படுத்துவதால், இரண்டையும் ஒன்றாகத் திறக்க அனுமதி உள்ளவரின் கணினியில் மட்டுமே அவை இணையும். வெளிக்கோப்பை அனுப்பும் ஒவ்வொரு முறையும், இரண்டாவது கோப்பின் பண்புகளில் ஒன்றாவது அதில் தவறி நுழைந்திருக்கிறதா என்று சோதிக்க ஒரு ஷாக்கிள் விதி எழுதிவைத்திருக்கிறேன். அந்தச் சோதனை பிழையின்றி முடிந்த பிறகே கோப்பு வெளியே போகும்.